ஒன்பதாம் அத்தியாயம்: டிக்கிக்குள் பெய்யும் மழை

இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், ஊருக்குப் புறப்படும் உத்தேசத்துடன் கையில் பெட்டியும் தோளில் பையுமாக வந்து பழைய மோட்டார் வண்டியின் டிக்கியைத் திறக்கிறவருக்கு, முதலில் முகத்தில் வந்து அறைவது ஊறிப்போன சணல் விரிப்பின் நாற்றம். அந்த நாற்றத்துக்குக் காரணம் தேடி விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், தகட்டுப் பள்ளத்தில் டிகாக்ஷன் நிறத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். ஜாக்கி துருவேறிச் சிவந்திருக்கும். ஸ்பானர்களைச் சுற்றி வைத்த துணி கையோடு பிய்ந்து வரும். அந்தக் காலைப் பொழுதை உத்தேசித்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இவ்விடத்தில் மனிதர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துவிட்டு, வெயில் வந்ததும் விஷயத்தை மறந்து, அடுத்த மழையில் மறுபடியும் திடுக்கிடுவது ஒன்று; மறுநாளே பட்டறைக்கு ஓடி, மூடி ஓரத்து ரப்பர்ப் பட்டையைக் குறித்து, "பீடிங் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் தாமே சொல்லிவிட்டு வருவது மற்றொன்று. முதல் தவறு சோம்பலால் நேர்வது. நாலு நாள் வெயிலில் அதன் தோஷம் ஒருவாறு காய்ந்துவிடும். இரண்டாவது தவறோ பணத்தையும் செலவழித்து, தண்ணீர் வந்த வழியையும் சீலன்ட் பூசி மறைத்து, அடுத்த முறை உண்மையாகவே தேடப் புறப்படுகிறவனுக்கு ஒரு தடயமும் இல்லாமல் செய்துவிடுகிறது. டிக்கி ஒழுகலைச் சரிசெய்வது என்பது பெரும்பாலும் துப்பறியும் வேலை. அடைக்கும் வேலை அதன் வாலில் தொங்கும் சிறு பங்கு என்பதே இருபது வருஷ காலம் பழைய வண்டியோடு குடித்தனம் நடத்தியவனின் அபிப்பிராயம்.

அடுத்த விஷயத்துக்குப் போகுமுன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கி என்பது ஆதியில் சாமான் வைக்கும் இடமே அல்ல. குதிரை வண்டிகளின் பின்புறத்தில் வேலைக்காரர்கள் உட்கார்ந்து வருவதற்காக அமைந்த ஆசனத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. பிறகு மோட்டார் வண்டிகள் வந்த காலத்தில், பின்பக்கத்து மூடியைத் திறந்தால் விரியும் கூரையில்லாத இருக்கைக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்தவர் மழையில் முழுக்க நனைவார் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் ஏறினார்கள். ஸ்டெப்னியின் கதையும் இதே போன்றதே. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் வருஷத்தில் செய்து விற்ற உபரிச் சக்கரத்துக்கு அந்த ஊர்த் தெரு ஒன்றின் பெயர் வாய்த்தது. ஆங்கிலேயர் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். நாம் அதை மறக்கவில்லை. ஆக, டிக்கிக்குள் தண்ணீர் நுழைவதற்குச் சரித்திர பூர்வமான பாத்தியதை உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பாத்தியதையை நாம் ஏற்க வேண்டியதில்லை.

ஏற்கக் கூடாது என்பதற்குக் காரணங்கள் மூன்று. விரிப்புக்குக் கீழே தேங்கும் ஈரம் வெயிலைக் காணாமல் மாதக் கணக்கில் தகட்டைத் தின்கிறது என்பது யாவரும் அறிந்தது. பின் விளக்குகளின் வயர்கள் அந்த ஈரத்தின் வழியே போவதால், எர்த் பிடிக்கும் இடம் துருவேறி, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குவது போன்ற விசித்திரங்கள் உண்டாகும் என்பது பலர் அறியாதது. மூன்றாவது காரணம் இவ்விரண்டையும்விட முக்கியமானது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சைலன்சர் வெளிவிடும் புகை அந்தச் சுழலில் சுற்றி, தண்ணீர் நுழையும் அதே இடுக்கின் வழியே டிக்கிக்குள்ளும், அங்கிருந்து பின் சீட்டுக்கும் வந்து சேரும். கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நெடும் பிரயாணத்தில் பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் காரணமின்றித் தலைவலி வருமானால், மருந்துக் கடைக்குப் போகுமுன் டிக்கியின் ஓரங்களைப் பார்க்க வேண்டும்.

என் வண்டி சென்னையில் பதிவான ஒரு பிரீமியர் பத்மினி. 1964-இல் பியட் 1100 டிலைட் என்று இந்நாட்டில் வந்து, பிற்பாடு சித்தூர் ராணியின் பெயரைப் பெற்ற அந்த ஜாதி வண்டிக்கும் நான் குடியிருக்கும் பெங்களூருக்கும் மறைமுகமான ஓர் உறவு உண்டு. பம்பாயில் 1944-இல் பிரீமியர் கம்பெனியை ஸ்தாபித்த வால்சந்த் ஹீராசந்த்தான், அதற்கு நாலு வருஷம் முன்பு, 1940 டிசம்பரில், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியவர். மோட்டார்த் தொழிற்சாலையும் இந்தப் பக்கமே வர வேண்டும் என்று விசுவேசுவரய்யா பெரும் பிரயத்தனம் செய்தார், அது கைகூடவில்லை. கைகூடியிருந்தால், என் வண்டி பம்பாய்க் குர்லாவில் பிறந்து, சென்னைக் கடற்காற்றில் முப்பது வருஷம் துருவேறி, பிறகு இந்த ஊரின் ஏற்ற இறக்கங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது; இங்கேயே பிறந்து இங்கேயே ஒழுகியிருக்கும்.

மல்லேசுவரத்தில் நான் குடியிருக்கும் தெரு சரிவானது. ஒரு வருஷம் செப்டம்பர் மழையில் டிக்கியின் இடது பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் சேர ஆரம்பித்தபோது, மேலே சொன்ன இரண்டாவது தவறை நானே செய்தேன். பெயர் சொல்ல அவசியமில்லாத ஒரு பட்டறையில், டிக்கி பீடிங்கைப் புதிதாகப் போட்டு, பின் விளக்குகளைச் சுற்றிலும் கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போலச் சிலிகான் பூசி அனுப்பினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் முன்போலவே நின்றது. கடைசியில், சிவாஜிநகரில் குஜ்ரி என்னும் பழைய சாமான் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் முப்பது நாற்பது வருஷமாக டிங்கரிங் வேலை செய்துவரும் ஒரு முதியவரிடம் போனேன். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். நான் கதையை ஆரம்பித்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வண்டிய ஏத்தத்துல நிறுத்துவீங்களா, எறக்கத்துலயா சார்?"

"இறக்கத்தைப் பார்த்துத்தான் பாய். மூக்கு கீழே இருக்கும்."

"அப்ப பீடிங்க விடுங்க. பின் கண்ணாடிகிட்ட வாங்க."

அந்த ஒரு கேள்வியில் அடங்கிய சாஸ்திரத்தை விரித்துச் சொன்னால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்துவிடும். வண்டி மூக்கை மேலே தூக்கி நின்றால், கூரையின் மேல் விழும் மழை பின்பக்கமாக வழிந்து, டிக்கி மூடியின் மேல் ஓடி, அடி ஓரத்தின் இரு மூலைகளிலும் வந்து தேங்கும். அப்போது குற்றவாளி பெரும்பாலும் கீழ்ப் பக்கத்துப் பீடிங்காகவோ, பின் விளக்கின் கேஸ்கெட்டாகவோ இருக்கும். மூக்கு தாழ்ந்து நின்றால், மூடியின் மேல் விழும் தண்ணீரும்கூட முன்பக்கமாகத் திரும்பி, பின் கண்ணாடியின் அடியிலும் கீல்கள் இருக்கும் பள்ளத்திலும் குளம் கட்டும். அங்கே ஒரு மயிரிழை வெடிப்பு போதும். பாய் ஒரு மெல்லிய பட்டித் தகட்டை எடுத்து, கண்ணாடி ரப்பரின் இடது கீழ் மூலையில் லேசாக நெம்பினார். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தும், செம்பழுப்பான தண்ணீர் ஒரு சொட்டு அங்கிருந்து வெளிப்பட்டு, பெயிண்டின் மேல் வழிந்தது. தண்ணீர் நுழைந்தது கண்ணாடியின் மூலையில். பார்சல் பலகைக்கு அடியில் உள்ள தகட்டு மடிப்பின் வழியே முக்கால் கஜம் பயணம் செய்து, மட்கார்டின் உட்புறத்தில் இறங்கி, பள்ளத்தில் போய் நின்றது. நான் பணம் கொடுத்து மாற்றிய பீடிங்குக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

ஆகவே வாசகர் செய்ய வேண்டிய முதல் காரியம், டிக்கியைக் காலி செய்வது. விரிப்பு, அட்டை, பக்கப் பலகை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெறும் தகடு தெரியும் வரை உரிக்க வேண்டும். சணல் விரிப்பும் அதன் அடியில் இருக்கும் பஞ்சுப் படலமும் நன்றாகக் காய மூன்று நாள் வெயில் வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருப்பதே அதன் சுபாவம். தகட்டையும் துடைத்து உலர்த்திய பிறகு, சாக்பீஸ் தூளையோ முகத்துக்குப் போடும் பவுடரையோ மடிப்புகள், மூலைகள், விளக்கின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் மெல்லியதாகத் தூவ வேண்டும். ஓடி வரும் தண்ணீர் அந்தத் தூளில் தன் தடத்தை எழுதிவிட்டுப் போகும். பழைய ஒழுகல் என்றால், தூள் தூவுவதற்கு முன்பே டார்ச் அடித்துப் பார்த்தால், துருக் கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கியிருப்பது தெரியலாம். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே தொடர்ந்து போவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பிறகு தண்ணீர்ப் பரீட்சை. இதற்கு இருவர் தேவை. ஒருவர் வெளியே தோட்டக் குழாயைப் பிடிக்க வேண்டும். மற்றவர் பின் சீட்டின் முதுகுப் பகுதியைக் கழற்றிவிட்டு, சீட்டின் இடத்திலிருந்து டார்ச்சுடன் டிக்கிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். சிலர் டிக்கிக்குள்ளேயே படுத்துக்கொண்டு மூடியைச் சாத்தச் சொல்வார்கள். பழைய வண்டிகளில் உள்ளிருந்து திறக்க வழி கிடையாது என்பதையும், வீட்டுக் குழந்தைகள் இதைப் பார்த்து விளையாட்டாகச் செய்யக்கூடும் என்பதையும் நினைத்தால், அந்த யோசனையை அறவே விட்டுவிடுவது உத்தமம். குழாயின் வாயை விரலால் அமுக்கிப் பீய்ச்சக் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. பீய்ச்சினால் நல்ல ரப்பரும் உள்ளே விடும். அழுத்தமின்றி வழியவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் பின் விளக்குகள், பிறகு மூடியின் அடி ஓரம், பிறகு பக்க ஓரங்கள், கீல்கள், கண்ணாடியின் அடி, கண்ணாடியின் மேல், கடைசியில் கூரையின் ஓரத்துப் பள்ளம் என்ற வரிசையில், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் கீழே உள்ள சகல சந்தேக ஸ்தானங்களையும் ஒரே சமயத்தில் நனைத்துவிடும். பிறகு எதைக் குற்றம் சொல்வது? முதல் சொட்டு தெரிந்ததும் குழாயை நிறுத்தி, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, துடைத்து, உலரவிட்டு, மேலும் மேலே போக வேண்டும். ஏனென்றால் ஒழுகல் ஒன்றே என்று நினைப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

சமதரையில் பரீட்சித்து ஒன்றும் தெரியாவிட்டால், வண்டியைத் தாம் வழக்கமாக நிறுத்தும் சரிவிலேயே நிறுத்தி மறுபடியும் செய்து பார்க்கலாம். ஒழுகல் வரும்போதெல்லாம் ஒரு பக்கமே நனைகிறது என்றால், தெருவின் சாக்கடைப் பக்கச் சாய்வையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பீடிங்கை நான் குறை சொல்லிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அதுவும் கிழப் பருவம் எய்தும் வஸ்துதான். பழைய ரப்பர் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் மீளும் தன்மையை இழந்து, அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும். அதன் உடல்நிலையை அறியச் சுலபமான உபாயம், ஒரு காகிதத் துண்டை மூடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடியைச் சாத்தி, காகிதத்தை மெள்ள இழுப்பது. இறுக்கத்துடன் வந்தால் அந்த இடம் யோக்கியம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பு இல்லை. ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் இப்படிச் செய்து பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் மட்டும் தளர்ச்சி தெரியுமானால் ரப்பரின் மேல் பழி போடுவதற்கு முன், பூட்டின் கொண்டியைக் கவனிக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் அதன் போல்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கும். தளர்த்தி, ஒரு நூல் அளவு கீழே இறக்கி முடுக்கினால், மூடி இறுக அமரும். காசு செலவில்லாத சிகிச்சை இது.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிப் பாகக் கடைகளில் பீடிங் நீளக் கணக்கில் கிடைக்கும். பழையதில் ஒரு சாண் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போவது நல்லது. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், கடைக்காரர் கையில் இருப்பதே அந்த வண்டிக்கு உரியது என்று ஆகிவிடும். தடிமன் அதிகமானால் மூடி சாத்தாது. பலவந்தமாகச் சாத்தினால் கீல் வளையும். ஒட்டுவதற்கு முன் பழைய பசையைச் சுரண்டி, தகட்டின் விளிம்பில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் பூசிவிட வேண்டும். மூலைகளில் ரப்பரை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தது ஆறு மாதத்தில் சுருங்கி விலகும். சுற்றி வந்து சேரும் இடத்தில், தேவைக்கு மேல் அரை அங்குலம் அதிகமாக வெட்டி, இரு முனைகளும் ஒன்றையொன்று நெருக்கும்படி பொருத்த வேண்டும். அந்தச் சேர்க்கை மூலையில் விழாமல், அடி ஓரத்தில் பூட்டுக்கு அருகே அமைவது நலம். இஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்கு விஷம். பளபளப்பாக இருக்கட்டும் என்று அவற்றைத் தடவும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. உப்பிப் போன பீடிங்குகளுக்கு அதுவே காரணம். சிலிகான் கிரீஸ் ஒரு விரல் போதும்.

பின் விளக்குகளின் கேஸ்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கைக் கழற்றினால் அது பெரும்பாலும் அப்பளம் போல நொறுங்கும். நியோப்ரீன் ஷீட்டில் பழைய விளக்கின் அடியை வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு வருஷக் கணக்கில் ஓடும் வண்டிகளும் உண்டு. திருகுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி விரிசல் விடும், அதன் வழியே மழை மறுபடியும் வரும். மூடியின் மேல் இருக்கும் பெயர் எழுத்துக்களின் ஊசித் துளைகள், நம்பர் பிளேட் விளக்கின் வயர் நுழையும் துளை, ஏரியல் கம்பியின் அடி, பெட்ரோல் ஊற்றும் கழுத்தைச் சுற்றிய ரப்பர் ஆகியவற்றையும் இதே சமயத்தில் பார்த்துவிட வேண்டும்.

பின் கண்ணாடியின் கதை வேறு. அந்த ரப்பர் சுருங்கும்போது முதலில் மூலைகளில்தான் தளரும். தண்ணீர் அடியில் புகுந்து, கண்ணாடியைத் தாங்கும் தகட்டு விளிம்பையே அரிக்கத் தொடங்கும். தொடக்க நிலை என்றால், ரப்பரின் வெளி உதட்டை மரச் சீவலால் மெல்ல உயர்த்தி, அடியில் கெட்டிப்படாத மாஸ்டிக்கையோ பியூட்டைல் டேப்பையோ திணித்து அமுக்கிவிடலாம். அது இரண்டு மூன்று மழைக் காலத்துக்குத் தாங்கும். விளிம்பு பொருக்காகியிருந்தால் கண்ணாடியை எடுத்தே ஆக வேண்டும். உள்ளிருந்து ரப்பரின் உதட்டைத் தகட்டின் மேல் தள்ளிக்கொண்டே வந்தால், கண்ணாடி ரப்பரோடு வெளிப்பக்கம் நழுவும். வெளியே ஒருவர் ஏந்திப் பிடிக்க வேண்டும். அது டஃபன் செய்த கண்ணாடியானால், முகத்தில் குத்தினாலும் தாங்கும். ஓரத்தில் ஒரு திருப்புளி பட்டால் கற்கண்டுத் தூளாகிவிடும். மறுபடி பொருத்தும்போது, ரப்பரின் உள் பள்ளத்தில் உறுதியான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் உள்ளே தொங்கவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைத் திறப்பின் மேல் வைத்து, வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர, உள்ளே ஒருவர் கயிற்றை மெள்ள இழுத்தால், உதடு தானாகத் தகட்டைக் கவ்விக்கொண்டு வரும். பாய் அதைச் செய்து முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் தனியாக முயன்றிருந்தால் அன்றைய பொழுதும் ஒரு கண்ணாடியும் போயிருக்கும்.

சீலன்ட்டைப் பற்றி எனக்குள்ள ஆத்திரத்தை இங்கே சிறிது வெளியிட அனுமதிக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிகான்களில், பிதுக்கினால் காடி வாசனை வீசுவது ஒரு ரகம். அந்த வாசனைக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் வெறும் இரும்பின் மேல் பட்டால் துருவை அழைத்து வரும். தண்ணீரைத் தடுக்கப் பூசியதே அடியில் தகட்டைத் தின்னும். மேலும், சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுப்பது ஒரு நாள் வேலை. தகட்டு மடிப்புகளுக்கு, பாலியூரித்தேன் சீம் சீலன்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். அது வளைந்து கொடுக்கும், மேலே பெயிண்டும் ஏற்கும். எம்-சீல் கல்லாக இறுகிவிடுவதால், ஓட்டத்தில் அதிரும் மடிப்புகளில் நாளடைவில் விரிந்துபோகும். அசையாத சிறு துளைக்கு அது போதும். எதுவானாலும், பூசப்படும் இடம் எலும்பு போல உலர்ந்து, எண்ணெய்ப் பசையின்றி இருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய சீலன்ட் ஈரத்தைச் சிறை வைக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாத் துளைகளையும் அடைத்துவிடலாம் என்ற உற்சாகமும் ஆபத்தானது. டிக்கியின் பள்ளங்களில் வடிகால் துளைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் அவற்றையும் அடைத்துவிட்டு, அடுத்த மழையில் டிக்கியில் மீன் வளர்க்கும் யோக்கியதையைப் பெற்றார். மூடியைச் சுற்றிலும் உள்ள கால்வாய்ப் பள்ளத்தையும் சுத்தமாக வைத்திருப்பது அவசியம்; பெங்களூரில் இது அலட்சியமான விஷயமல்ல. லால்பாகின் பொறுப்பை 1908-இல் ஏற்ற கிரும்பிகல் என்னும் ஜெர்மானியர், வருஷத்தில் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்கும்படி இந்த ஊரின் வீதிகளுக்கு மரங்களைத் தேர்ந்தவர் என்பார்கள். அந்த ஏற்பாட்டின் அழகை வர்ணிக்கப் பலர் உண்டு. வண்டிக்காரனின் திருஷ்டியில், பூத்த மரம் எல்லாம் உதிரும் மரமே. புங்கம் பூவும் பெருங்கொன்றைப் பூவும் தூங்குமூஞ்சியின் பொடி இலையும் டிக்கியின் கால்வாயில் மக்கி, எரு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைத் துடைப்பது பெரிய சிரமமல்ல.

துரு கண்டுவிட்ட தகட்டை, ஒளிரும் உலோகம் தெரியும் வரை சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசி, காய்ந்தபின் எபாக்சி பிரைமரும் சீலன்ட்டும் பெயிண்டும் வரிசையாகப் போட வேண்டும். திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் பூச்சால் பயனில்லை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்போது பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவதோடு, பெட்ரோல் டாங்கியையும் இறக்கிவைக்க வேண்டும். காலி டாங்கிதானே என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். காலி டாங்கியில் நிரம்பியிருக்கும் ஆவி, நிறைந்த டாங்கியைவிட எளிதில் வெடிக்கும். கடலோர ஊர்களிலிருந்து இங்கே வாங்கி வந்த வண்டிகளில் இந்த வேலையை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, ஓட்டை விழுந்த தகடு அதிகாரியின் கண்ணில் படாமல் இராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2022 செப்டம்பரில் வெளி வட்டச் சாலையும் பெள்ளந்தூர்ப் பக்கமும் மூழ்கியது போன்ற வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால், மேலே சொன்ன விசாரணைகள் பொருந்தா. அந்தத் தண்ணீர் கீழிருந்து, வடிகால் ரப்பர்களின் வழியாகவும் வீல் ஆர்ச்சின் வழியாகவும் ஏறியது. அதற்கு வேண்டியது உடனடியாக உரித்து உலர்த்துவது, பீடிங் அல்ல.

இந்த ஊரின் மழை ஒரு வருஷத்துக்கு ஆயிரம் மில்லி மீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஆனால் ஏப்ரல், மே மாதங்களின் மாலை இடிமழையில் தொடங்கி, தென்மேற்குப் பருவத்தைக் கடந்து, செப்டம்பர், அக்டோபரில் உச்சம் பெற்று, நவம்பர் வரை அது ஓய்வதில்லை. ஆகையால் பழுது பார்க்கும் வேலைக்கு உகந்த காலம் ஜனவரியும் பிப்ரவரியும். வேலை முடிந்ததும் விரிப்பைத் திரும்பப் போட அவசரப்பட வேண்டாம். வெறும் தகட்டின் மேல் பழைய செய்தித்தாளை இரண்டு அடுக்காக விரித்து, ஒரு மழைக் காலம் முழுவதும் அப்படியே விட்டு, ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில் திறந்து பார்க்க வேண்டும். நனைந்து காய்ந்த காகிதம் சுருக்கம் விட்டிருப்பதால் பொய் சொல்லாது.

என் வண்டியில் அந்தச் செய்தித்தாள் மே மாதம் தாங்கியது, ஜூலை தாங்கியது. செப்டம்பரில் ஓர் இரவு விடாமல் பெய்த மழைக்குப் பின் திறந்தபோது, இடது பள்ளம் மொரமொரவென்று இருந்தது. ஆனால் நடுவில், நம்பர் பிளேட் விளக்குக்கு நேர் கீழே, பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் ஓர் ஈர வட்டம். வயர் நுழையும் துளையின் ரப்பர் கிராமெட்டை நான் பார்த்திருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டிருந்தேன். பழைய கிராமெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்று மதியமே ஜே.சி. ரோட்டுக்குப் புறப்பட்டேன்.